இருவிரல் அகலக் கல்

ரோமானிய அறிஞர் பிளினி தொகுத்த 'இயற்கை வரலாறு' என்னும் பெருநூலின் 36ஆம் புத்தகம் கற்களைப் பற்றியது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர்நீத்த பிளினி, அந்தப் புத்தகத்தில் பளிங்கு மாளிகைகளையும் சிலைகளையும் தூண்களையும் விரிவாகப் பேசிவிட்டு, தீட்டுக்கற்களுக்கும் சிறிது இடம் ஒதுக்குகிறார். அவற்றை அவர் வகைப்படுத்தும் முறை வியப்புக்குரியது. நிறம், கடினம் என்ற அளவைகளை விட்டுவிட்டு, தீட்டும்போது கல்லின்மீது எதை இடுகிறோம் என்பதைக்கொண்டு அவற்றை அவர் பிரிக்கிறார். எண்ணெய் இட்டுத் தீட்டும் கற்கள் முதல்வகை. கிரீட் தீவுக் கற்கள் இவ்வகையில் நெடுங்காலம் புகழ்பெற்றிருந்தன. நீர் இட்டுத் தீட்டுபவை அடுத்து. நக்சோஸ் தீவுக் கல் இவற்றுள் தலையாயது. எண்ணெய், நீர் இரண்டையும் ஏற்பவை மூன்றாம் வகை. நான்காவதாக அவர் குறிப்பிடுவது, மனித எச்சிலைக்கொண்டு தீட்டும் கற்கள். அவை நாவிதர் கடைகளில் பயன்படுபவை. மென்மையானவை, எளிதில் உடையக்கூடியவை. ஸ்பெயின் நாட்டிலிருந்து வருபவை அவற்றுள் சிறந்தவை என்கிறார்.

ஒரு பேரரசின் பொருட்கணக்கில் சவரக்கத்தியின் கல்லுக்குக் கிடைத்த இடம் இதுதான்: கடைசி வரிசை, அதுவும் எச்சிலோடு சேர்த்து. கத்தியின் வரலாற்றை எழுதுவோர் பலர் உண்டு. வாளின் வரலாற்றைப் பாடுவோர் அதனினும் பலர். அந்தக் கூர்மையைத் தந்த கல்லோ பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. சவரக்கத்திக்கென மனிதர் தேர்ந்தெடுத்த கற்கள் அளவில் மிகச் சிறியவை. பெரும்பாலும் இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம். அந்தக் குறுகிய அகலம் எங்கிருந்து வந்தது, அது மனிதக் கைக்கு எதைக் கற்பித்தது, அந்தக் கல்வி எப்படி மறைந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சொற்களிலிருந்து தொடங்குவது இலக்கிய மாணவனுக்கு எளிது. இலத்தீனில் 'நோவாகுலா' என்றால் சவரக்கத்தி. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் கிடைக்கும் நுண்ணிய தீட்டுக்கல்லுக்கு நிலவியலாளர் 'நோவாகுலைட்' என்ற பெயரை வழங்குகின்றனர். கத்தியின் பெயரையே கல் ஏற்றுக்கொண்டது. 'கோஸ்' என்றால் தீட்டுக்கல். அதன் குறுமை வடிவம் 'கோட்டிகுலா', அதாவது சிறு தீட்டுக்கல். அச்சொல்லின் வழியே வந்ததுதான் பெல்ஜியம் நாட்டு 'கோட்டிக்யூல்'. சிறுமை என்பது இந்தக் கல்லின் பெயரிலேயே பொதிந்திருக்கிறது.

*

பெல்ஜியத்தின் தென்கிழக்கில் ஆர்டென் மலைக்காடுகளின் ஊடே சால்ம் என்றொரு சிற்றாறு ஓடுகிறது. அதன் கரையிலும் அருகிலும் அமைந்த வியல்சால்ம், சால்ம்ஷாட்டோ, லியர்னோ ஆகிய ஊர்களைச் சுற்றியே கோட்டிக்யூல் கிடைக்கிறது. இப்பாறை அடுக்குகளை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆராய்ந்த நிலவியலாளர் ஆந்த்ரே துய்மோன், ஆற்றின் பெயரைக்கொண்டே அவற்றுக்கு 'சால்மியன்' எனப் பெயரிட்டார். நிலவியற் கணக்கில் இவை ஆர்டோவீசியன் காலத்தவை. ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த நுண்சேறு இறுகி, பின்னர் மலைகள் எழுந்தபோது அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருமாறிப் பிறந்தவை.

அந்தச் சேற்றில் மாங்கனீசு மிகுந்திருந்த மெல்லிய படலங்கள் வெளிர்மஞ்சள் நிறக் கல்லாயின. சுற்றியிருந்த சேறு ஊதாவும் நீலமும் கலந்த பலகைக்கல்லானது. மஞ்சள் கல்லில் ஸ்பெஸ்ஸர்ட்டைன் எனப்படும் கார்னெட் படிகங்கள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. நவமணிகளுள் ஒன்றாக நாம் எண்ணும் கோமேதகமும் கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் மோதிரத்தில் பதிக்கத்தக்க மணிகள் அல்ல இவை. ஒரு படிகத்தின் குறுக்களவு சில மைக்ரான் முதல் இருபது மைக்ரான் வரைதான். மனிதத் தலைமயிரின் தடிப்பில் ஒரு சிறு பங்கு. மைக்காவின் நுண்ணிய பொதிவில் இம்மணிகள் கோடிக்கணக்கில் புதைந்துகிடக்கின்றன.

கல் குறுகியதற்கான முதற்காரணம் இங்குதான் இருக்கிறது. மஞ்சள் படலம் நீலக் கல்லின் நடுவே பெரும்பாலும் சில சென்டிமீட்டர் தடிப்புள்ள நாளமாகவே ஓடுகிறது. மலை மடிந்தபோது நாளங்களும் மடிந்தன, சாய்ந்தன, விரிசல் கண்டன. ஒரு கண்ணாடி அளவுள்ள, பழுதில்லாத மஞ்சள் பலகையை இங்கே எதிர்பார்க்க முடியாது. சுரங்கத் தொழிலாளர் ஒவ்வொரு நாளத்தையும் தனித்தனியே அறிந்து பெயரிட்டு வைத்திருந்தனர். ஒன்று 'சிறு நாளம்', மற்றொன்று 'பெரிய வெள்ளை', இன்னொன்று 'நிமிர்ந்தவள்'. பிரெஞ்சு மொழியில் நாளம் பெண்பாற் சொல்லாதலால் பெயர்கள் எல்லாம் பெண்பெயர்களாக அமைந்தன. ஒவ்வொரு நாளத்தின் கல்லுக்கும் வேகமும் மென்மையும் வேறு.

வெட்டியெடுத்ததில் பெரும்பங்கு கழிவாயிற்று. எஞ்சியதை அறுத்து, தேய்த்து, மட்டம் செய்து, மெல்லிய மஞ்சள் துண்டின் அடியில் பலகைக்கல் ஒன்றை ஒட்டி வலுவேற்றினர். மஞ்சளும் நீலமும் இயற்கையிலேயே பிரியாமல் ஒட்டிவந்த துண்டுகளும் உண்டு. ஒட்டுவதற்குத் தேவையில்லாத அவற்றை வாங்குவோர் விரும்பித் தேடினர். பெரிய கல் அரிது. ஆகவே விலை மிகுதி. சிறு கல் கிடைப்பது எளிது. ஆகவே விலை குறைவு. 12 முதல் 20 சென்டிமீட்டர் நீளமும் இரண்டரை முதல் நான்கு சென்டிமீட்டர் அகலமும் கொண்ட கற்கள் நாவிதர்களுக்கும் வீட்டில் சவரம் செய்துகொள்வோருக்கும் உரியவையாயின. மலை எதைத் தந்ததோ, அதுவே கடைக்கு வந்தது.

ஜெர்மனியின் தூரிங்கியாப் பகுதியிலும் இத்தகைய தொழில் ஒன்று தழைத்தது. சொன்னெபெர்க் நகரைச் சேர்ந்த எஷர் நிறுவனத்தின் நீர்த்தீட்டுக்கற்கள் அட்லாண்டிக் கடந்து விற்பனையாயின. மஞ்சள் கலந்த பச்சை, இளம்பச்சை, நீலப்பச்சை, கருநீலம் என நிறம் பார்த்துத் தரம் குறிக்கப்பட்ட பலகைக்கற்கள் அவை. பெட்டிக்குள் பெரிய கல்லோடு அதே இனத்தைச் சேர்ந்த சிறு உரைகல் ஒன்றும் இருக்கும். அதே மலைப்பகுதியில் உள்ள ஸ்டைனாக் ஊர் மற்றொரு பொருளுக்கும் பெயர்பெற்றது: பள்ளிப்பிள்ளைகள் பலகையில் எழுதும் குச்சி. கத்தியைத் தீட்டிய கல்லும் எழுத்தைத் தீட்டிய குச்சியும் ஒரே மலைநாட்டில் பிறந்தவை என்பது மொழி பயில்வோர் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

*

இனிக் கைக்கு வருவோம். பழைய மடக்குச் சவரக்கத்தியின் விளிம்பு ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர் நீளமுடையது. கல்லின் அகலமோ அதில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான். எனவே எந்தக் கணத்திலும் விளிம்பு முழுவதும் கல்லைத் தொடுவதில்லை. கத்தியை நேராகத் தள்ளினால் ஒரு பகுதி மட்டும் தேயும். மற்றது மழுங்கியே இருக்கும். ஆகவே கை ஒரு சாய்வுப் பாதையைக் கண்டுபிடித்தது. கைப்பிடியை ஒட்டிய அடிப்பகுதி கல்லைத் தொடத் தொடங்கும். கத்தி முன்னேற முன்னேறப் பக்கவாட்டிலும் நகரும். கல்லின் மறுமுனையை அடையும்போது கத்தியின் நுனி கல்லின்மேல் இருக்கும். பிறகு முதுகை அச்சாகக்கொண்டு கத்தியைப் புரட்டி, எதிர்த்திசையில் அதே சாய்வில் மீள வேண்டும். இரண்டு பாதைகளும் சேர்ந்து பெருக்கல் குறிபோல் ஒன்றையொன்று வெட்டும்.

சவரக்கத்தியின் அமைப்பு இதற்குத் துணைசெய்கிறது. சமையற்கத்தியைத் தீட்டுபவர் சாய்வுக்கோணத்தைத் தம் மணிக்கட்டால் காக்க வேண்டும். சவரக்கத்தியில் தடித்த முதுகும் மெல்லிய விளிம்பும் ஒருசேரக் கல்லின்மேல் படிகின்றன. முதுகின் தடிப்பும் தகட்டின் அகலமும் சேர்ந்து, விளிம்பில் பதினாறு, பதினேழு பாகை அளவிலான கோணத்தைத் தாமே நிர்ணயிக்கின்றன. முதுகும் சிறிது சிறிதாகத் தேய்வதால், பல்லாண்டு தீட்டிய பின்னும் கோணம் பெரிதும் மாறுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத் தொழிலாளர் தகட்டின் இருபுறமும் ஆழக் குழித்து அரைக்கும் முறையில் தேர்ந்தபோது, கல்லில் படும் எஃகின் பரப்பு மேலும் சுருங்கியது. தீட்டுவது இன்னும் எளிதாயிற்று.

குறுகிய கல்லை ஒரு குறையாகவே கருதிவிடக்கூடாது. அடித்து நீட்டிக் காய்ச்சித் தோய்த்த எஃகுத் தகடு எப்போதும் முழுநேராக அமைவதில்லை. சில வேளைகளில் கண்ணுக்குத் தெரியாத அளவில் முறுக்கிக்கொள்ளும். விளிம்பே மெல்லிய பிறைபோல் வளைந்த கத்திகளும் உண்டு. அகன்ற தட்டையான கல்லில் அத்தகைய கத்தியை வைத்தால் மேடான இடங்கள் மட்டும் தேய்ந்து, பள்ளமான இடம் கல்லைத் தொடாமலே போகும். இருவிரல் அகலக் கல்லோ ஒவ்வொரு கணமும் விளிம்பின் ஒரு சிறு பகுதியோடு மட்டும் பேசுகிறது. மேட்டிலும் பள்ளத்திலும் ஒருங்கே இறங்கி ஏறுகிறது. தேர்ந்த கைக்குக் குறுகிய கல் எந்தக் கத்தியையும் ஏற்கும் கல். தேராத கையில் அதுவே கத்தியைச் சீரற்றுத் தேய்த்துவிடும். மலையின் சிக்கனத்தால் வந்த குறுமையைக் கை ஒரு நுட்பமாக மாற்றிக்கொண்டது.

மற்றொரு நுட்பம் நீரில் இருக்கிறது. கோட்டிக்யூலின்மேல் சில துளி நீர் விட்டு, அதே கல்லின் சிறு துண்டால் தேய்த்தால் பால்போன்ற குழம்பு எழும். கல்லிலிருந்து விடுபட்ட கார்னெட் மணிகள் அதில் மிதக்கின்றன. இக்குழம்பு எஃகை விரைந்து அரிக்கும். ஆனால் மிதக்கும் மணிகள் விளிம்பின் முனையிலும் மோதுவதால், ஓரளவுக்குமேல் கூர்மை ஏறாது. எனவே தீட்டுபவர் துளித்துளியாக நீர் சேர்த்துக் குழம்பை மெலிவிப்பார்; முடிவில் தெளிந்த நீரில் மட்டும், கத்தியின் எடையே போதுமென்ற அளவில், சில இழுப்புகளோடு நிறுத்துவார். அரிக்கும் கல்லும் மெருகேற்றும் கல்லும் ஒரே கல். வேறுபாடு நீரின் அளவில்தான்.

இங்கே ஒரு புதிர் எழும். ஒரு மைக்ரானுக்கும் மிகக் குறைந்த தடிப்புடைய விளிம்பை, பத்து மைக்ரான் மணிகள் எவ்வாறு நுணுக்கமாகத் தீட்ட முடியும்? விடை மணியின் வடிவில் இருக்கிறது. கார்னெட் பன்னிரண்டோ இருபத்துநான்கோ முகங்களையுடைய, ஏறத்தாழ உருண்டையான படிகம். பொதிவில் புதைந்திருக்கும் அதன் மேல்மூடி மட்டுமே வெளித்தெரியும். கூரிய மூலையால் ஆழக் கீறாமல், வட்டமான முகத்தால் ஆழமற்ற தடம் பதிக்கிறது. நுண்ணோக்கி காட்டும் இந்த விளக்கத்தை அறியாமலேயே, நாவிதரின் விரல்நுனி அதன் பயனை அறிந்திருந்தது.

*

விரல்நுனி அறிந்ததை எழுத்தில் கொண்டுவர முயன்ற ஒருவரைச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவுறாது. பாரிஸ் நகரத்துக் கத்திசெய்வோரான ழான்-ழாக் பெரே 1769இல் 'பொகொனொத்தொமி' என்னும் நூலை வெளியிட்டார். தாடியை மழிக்கும் கலை என்பது தலைப்பாக அமைந்த அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளக் கற்பதற்கான கையேடு அது. நூலின் நீண்ட துணைத்தலைப்பு, கருவிகளைத் தீட்டும் கற்களின் வகைகளை இனங்காணும் முறையையும் தோல்வாரை ஆயத்தம் செய்யும் முறையையும் சேர்த்தே அறிவிக்கிறது. மழிப்பதைக் கற்றுக்கொள்பவர் கல்லையும் கற்றேயாக வேண்டும் என்பது அவருடைய துணிபு.

இதில் ஒரு முரண் உண்டு. அதே பெரே, 1760களில் கத்தியின் தகட்டுக்கு மரத்தாலான காப்பு ஒன்றைப் பொருத்தினார். தச்சரின் இழைப்புளியைப் பார்த்து உருவாக்கிய அந்தக் கருவி தோல் வெட்டுப்படாமல் காத்தது. பாதுகாப்புச் சவரக்கருவியின் முன்னோடியாக இன்று அதைக் குறிப்பிடுகின்றனர். கல்லைப் பற்றி எழுதிய கையே, கல்லை ஒருநாள் தேவையற்றதாக்கப்போகும் கருவியின் முதல் வடிவத்தையும் செய்தது.

அந்த நாள் வர நூற்றிருபது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. முதல் அடி கல்லின் மீதே விழுந்தது. 1891இல் எட்வர்ட் அச்செசன் மின்னுலையில் சிலிக்கன் கார்பைடை உருவாக்கி அதற்குக் 'கார்போரண்டம்' எனப் பெயரிட்டார். மணியின் அளவை ஆலையிலேயே தீர்மானித்து, விரும்பிய அகலத்தில் கல்லை வார்க்க முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், நாவிதருக்கென ஆலைகள் செய்த செயற்கைக் கற்களும் பெரும்பாலும் குறுகியவையாகவே வந்தன. மலை கற்பித்த அளவு, மலை தேவைப்படாத காலத்திலும் கையின் பழக்கமாக நீடித்தது.

இரண்டாம் அடி தீட்டுதல் என்னும் செயலின் மீதே விழுந்தது. கிங் கேம்ப் ஜில்லெட்டின் நிறுவனம் 1903இல் விற்பனையைத் தொடங்கியபோது அவ்வாண்டு முழுவதும் விற்றவை 51 சவரக்கருவிகளும் 168 பிளேடுகளும்தாம். ஆயினும் அதன் விளம்பரங்கள் திரும்பத்திரும்பச் சொன்ன செய்தி தெளிவானது: இனிக் கல்லும் வேண்டாம், தோல்வாரும் வேண்டாம். முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியபின் படைவீரர்களுக்காக 35 லட்சம் கருவிகளும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட பிளேடுகளும் அரசால் வாங்கப்பட்டன. போரிலிருந்து திரும்பியவர்கள் தீட்டும் பழக்கத்துக்குத் திரும்பவில்லை. மழுங்கினால் தீட்டுவது என்ற வழக்கம் போய், மழுங்கினால் எறிவது என்ற வழக்கம் வந்தது.

1944 டிசம்பரில் ஆர்டென் போர் மூண்டபோது சால்ம் ஆற்றின் கரையில் அமெரிக்க வீரர்கள் நின்றனர். வியல்சால்ம், சால்ம்ஷாட்டோ வழியாக அவர்தம் படைகள் பின்வாங்கின. அவர்களின் பைகளில் எறியும் பிளேடுகள் இருந்தன. காலடியில், பனிக்குக் கீழே, கோட்டிக்யூல் நாளங்கள் கிடந்தன. போருக்குப்பின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. 1980களின் தொடக்கத்தில் வேலை நின்றேபோனது.

*

தமிழ்நாட்டில் இம்மாற்றம் சற்றுப் பிந்தி, வேறொரு காரணத்தால் நிகழ்ந்தது. நாவிதரின் அடைப்பத்தில் கத்தி, கத்தரி, கிண்ணம் ஆகியவற்றோடு தேய்ந்த குறுங்கல் ஒன்றும் தோல்வாரும் இருந்ததை என் தலைமுறையினர் பலர் சிறுவயதில் கண்டிருப்போம். 1986இல் சென்னையில் சேகரித்த இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. பலருக்கு ஒரே கத்தி என்ற வழக்கம் அச்சத்துக்குரியதாயிற்று. ஆளுக்கொரு பிளேடு, அதையும் இரண்டாக ஒடித்துப் பாதி என்ற வழக்கம் ஊருக்கு ஊர் பரவியது. அது நியாயமான மாற்றம். உயிர் காத்த மாற்றம். அதை மறுக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த மாற்றத்தோடு ஒரு கல்வியும் அடைப்பத்திலிருந்து இறங்கிப்போனது.

அக்கல்வியை எழுதிவைக்க யாரும் முனையாததன் காரணம் நம் மொழியிலேயே ஒலிக்கிறது. 'தீட்டு' என்ற சொல் கூராக்குவதைக் குறிக்கும். எழுதுவதையும் ஓவியம் வரைவதையும் குறிக்கும். அதே ஒலியுடைய மற்றொரு 'தீட்டு', தீண்டத்தகாமையையும் விலக்கையும் குறிக்கும். கத்தியைத் தீட்டியவர்மீதே நம் சமூகம் அந்த மற்றொரு தீட்டை ஏற்றிவைத்தது. மருத்துவமும் மகப்பேறும் அறிந்த ஒரு சமூகத்தின் கைத்திறனை ஏட்டில் தீட்ட ஏடறிந்தோர் விரும்பவில்லை. பிளினியின் நூலில் நாவிதரின் கல் எச்சில்கல்லாகக் கடைசியில் நின்றதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். கூர்மையை எல்லோரும் விரும்பினர். கூர்மை பிறக்கும் இடத்தைப் பார்க்கச் சிலரே விரும்பினர்.

1990களின் இறுதியில் ஆர்டென் பகுதியில் கோட்டிக்யூல் வெட்டுவது சிறிய அளவில் மீண்டும் தொடங்கியது. மடக்குச் சவரக்கத்தியை விரும்பிக் கற்கும் ஆர்வலர்கள் பல நாடுகளில் தோன்றியுள்ளனர். பழைய கற்களைத் தேடி வாங்குகின்றனர். எத்தனை துளி நீர், எத்தனை இழுப்பு என்று எண்ணிப்பார்த்துக் குறித்துவைக்கின்றனர். ஒருகாலத்தில் ஒரு பயிலாள் தன் ஆசானின் அருகே நின்று சில மாதங்களில் பார்த்தே பழகியதை, இவர்கள் ஆண்டுக்கணக்கில் சோதித்து மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் கல் மிஞ்சியது, கத்தி மிஞ்சியது, இரண்டுக்கும் நடுவே இருந்த கையின் நினைவு மிஞ்சவில்லை.

பிளேடு நமக்கு நேரத்தையும் நலத்தையும் தந்தது. பதிலுக்கு அது பெற்றுக்கொண்டது, மழுங்கியதை மீண்டும் கூராக்கலாம் என்னும் நம்பிக்கையை. 48 கோடி ஆண்டுகளில் உருவான ஒரு மெல்லிய நாளம், தன் குறுகிய அகலத்தால் மனிதக் கையைச் சாய்ந்து நடக்கப் பழக்கியது. அந்த நடையைக் கற்றவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. பழைய கல் ஒன்று கைக்குக் கிடைத்தால் அதன் நடுவைத் தடவிப்பாருங்கள். அங்கே விழுந்திருக்கும் மென்பள்ளம், யாரோ ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் இழுத்த இழுப்புகளின் தடம்.